ஏரியை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா? குடிநீர்ப் பொறியாளர்கள் கண்ணில் பருவநிலை மாற்றம்

நவம்பர் வந்துவிட்டால் சென்னைக்காரர்களின் வாட்ஸ்அப்பில் இரண்டு எண்கள் சுற்ற ஆரம்பிக்கும். செம்பரம்பாக்கம் இப்போது எத்தனை அடி? எத்தனை கனஅடி திறக்கிறார்கள்? மே மாதத்தில் இதே ஆட்கள் கேட்கும் கேள்வி வேறு. ஏரியில் தண்ணீர் மிச்சம் இருக்கிறதா, தெருவுக்கு லாரி எப்போது வரும்? ஏரி ஒன்றுதான். நிரம்பினாலும் பயம், வற்றினாலும் பயம்.

இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் உட்கார்ந்து தினமும் முடிவெடுப்பவர்கள் நீர்வளத் துறையிலும் குடிநீர் வாரியத்திலும் இருக்கும் பொறியாளர்கள். பருவநிலை மாற்றம் என்றால் நாம் விஞ்ஞானியிடம் கேட்கிறோம், அரசியல்வாதியிடம் கேட்கிறோம், தொலைக்காட்சி விவாதத்தில் கேட்கிறோம். வால்வு திறக்கிறவரிடமும், பம்பிங் ஸ்டேஷனில் இரவுப் பணி பார்ப்பவரிடமும், மதகுக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளரிடமும் கேட்பதில்லை. ஆனால், அவர்கள் ஆபத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இன்று போடும் குழாயின் அளவும், நாளை கட்டும் ஆலையின் உயரமும் முடிவாகின்றன. அவை 30, 40 வருடம் இருக்கப்போகிறவை.

‘பருவநிலை’ என்று யாரும் சொல்வதில்லை

ஒரு குடிநீர் டெப்போவில் பருவநிலை மாற்றம் அந்தப் பெயரில் வருவதில்லை. மழைக்குப் பிறகு ஏரித் தண்ணீர் கலங்கி, படிகாரத்தின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கிறது. கோடையில் தண்ணீர் சூடாகி, சுத்திகரிப்பு நிலையத்தில் போட்ட குளோரின் கடைசித் தெருவின் குழாய்க்குப் போய்ச் சேருவதற்குள் தீர்ந்துவிடுகிறது. புயலில் கரன்ட் போய், நீரேற்று நிலையம் ஜெனரேட்டரை நம்பி ஓடுகிறது. டீசல் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது என்பதே அன்றைய கேள்வி. கனமழையில் தெருத் தண்ணீர் வடிய வேண்டும் என்று மக்களே பாதாளச் சாக்கடை மூடியைத் திறந்துவிடுகிறார்கள். மழைநீர் முழுக்கக் கழிவுநீர்க் குழாய்க்குள் இறங்கி, தாழ்வான இன்னொரு தெருவில் வீட்டுக்குள் பொங்குகிறது. மறுநாள் புகார் எண்ணிக்கை எகிறும். அதற்கடுத்த வாரம் வயிற்றுப்போக்கு.

இது எதற்கும் புது ஆபத்து என்று பெயர் கிடையாது. எல்லாமே ‘மெயின்டனன்ஸ்’. அமெரிக்காவின் குடிநீர்ப் பணியாளர் சங்கம் தன் துறையினரிடம் ஆண்டுதோறும் நடத்தும் கணக்கெடுப்பிலும் இதே வாடைதான். பல ஆண்டுகளாக அவர்கள் முதல் கவலையாகச் சொல்லி வந்தது பழைய குழாய்களை மாற்றுவதும் அதற்குப் பணம் தேடுவதும்தான். பருவநிலை அந்த வரிசையில் முன்னுக்கு வருவதில்லை. இதைப் பார்த்து, பொறியாளர்களுக்கு விவரம் தெரியவில்லை என்று முடிவு கட்டினால் தப்பு. பழைய குழாய்தான் வெள்ளத்தில் முதலில் காட்டிக்கொடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். நம் ஊரில் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் ஓடுவதில்லை. தண்ணீர் நின்ற நேரத்தில் குழாயின் அழுத்தம் குறைந்து, விரிசல் வழியாக வெளியில் தேங்கிய அழுக்குத் தண்ணீரை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாய் பழசு என்பதும், மழை பெருத்துவிட்டது என்பதும் அவருக்கு ஒரே பிரச்சினையின் இரண்டு பக்கம்.

அப்படியானால் கோளாறு எங்கே? அவருடைய அனுபவம் மேலே ஏறிப் போவதில்லை. திட்ட அறிக்கையில் ‘பருவநிலைத் தாக்கம்’ என்று தனி அத்தியாயம் இருக்கும். கடன் கொடுக்கும் வெளிநாட்டு வங்கி கேட்கும், ஆலோசனை நிறுவனம் எழுதிக் கொடுக்கும். டெப்போவின் புகார்ப் பதிவேட்டுக்கும் அந்த அத்தியாயத்துக்கும் பெரும்பாலும் அறிமுகமே இருக்காது.

பழைய மழை, பழைய கணக்கு

பொறியியலில் ஒரு பழக்கம் உண்டு. கடந்த 50 அல்லது 100 வருட மழையை எடுத்துக்கொள், அதில் மிகப் பெரியதைத் தாங்கும்படி கட்டு. இனி வரும் மழையும் இதுவரை பெய்த மழையின் எல்லைக்குள்தான் இருக்கும் என்பது அதில் ஒளிந்திருக்கும் நம்பிக்கை. இந்த நம்பிக்கை செத்துவிட்டது என்று 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் நீரியல் அறிஞர்கள் சிலர் தலைப்பிலேயே எழுதினார்கள். காற்று ஒரு டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். இது பள்ளிக்கூட இயற்பியல்தான், ஆனால் வடிவமைப்புக் கையேட்டுக்குள் வந்து சேர ரொம்ப நாள் ஆகிறது.

சென்னையின் சமீபத்திய வரலாற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2015 நவம்பர் மாதத்தில் மட்டும் நகரில் 100 செ.மீ.க்கு மேல் மழை. டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. அடுத்த வருடமே, 2016இல், தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017இல் சிக்கராயபுரம் கல்குவாரிக் குட்டையிலிருந்து தண்ணீர் எடுத்துச் சுத்திகரித்துக் கொடுத்தார்கள். 2018லும் மழை ஏமாற்ற, 2019 ஜூனில் ஏரிகளில் இருந்தது மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. 2021 நவம்பரில் மறுபடியும் 100 செ.மீ.க்கு மேல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இதற்குச் ‘சராசரி’ போட்டால் என்ன வரும்? சென்னையின் ஆண்டு மழை சுமார் 140 செ.மீ. என்ற அதே பழைய எண் வரும். அந்த எண் பொய்யில்லை. ஆனால், ஏரியை நடத்துகிறவருக்கு அது எந்த உதவியும் செய்யாது.

கடைசியாகப் பட்ட அடிதான் ஞாபகம்

மனிதர் எல்லோரையும் போலத்தான் துறைகளும். கடைசியாக எது அடித்ததோ, அதற்குத்தான் பயப்படும். 2003–04 வறட்சியில் அடிபட்டோம். வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது, 200 கி.மீ.க்கு மேல் குழாய் போட்டு வீராணம் தண்ணீர் 2004இல் சென்னைக்கு வந்தது. 2015 வெள்ளத்தில் அடிபட்டோம். அதற்குப் பிறகு பேச்செல்லாம் மழைநீர் வடிகால். 2019இல் வறட்சி திரும்பி வந்தபோது அது புதுசாகத் தெரிந்தது. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்த வாரியம் 52.5 கோடி லிட்டராகக் குறைத்தது. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர், ஒரு நாளைக்கு ஒரு கோடி லிட்டர் என்பது திட்டம். நகரத்தின் தேவையில் அது சுமார் ஒரு சதவீதம். ஜூலை 12ஆம் தேதி முதல் ரயில் வந்தபோது கேமராக்கள் குவிந்தன. அதே நாட்களில் திருவள்ளூர் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து வந்த தண்ணீரும், மீஞ்சூர், நெம்மேலி ஆலைத் தண்ணீரும், வீராணமும்தான் நகரை உண்மையில் ஓட்டின. அவற்றைப் படம்பிடிக்க யாரும் போகவில்லை.

ஒவ்வொரு அடிக்கும் ஒரு திட்டம் பதிலாக வந்தது. அந்தத் திட்டங்கள் வீண் என்று சொல்ல வரவில்லை. வீராணம் இல்லாமல் 2019ஐத் தாண்டியிருக்க முடியாது. ஆனால், வறட்சிக்கு ஒரு கோப்பு, வெள்ளத்துக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறோம். இப்போது இரண்டும் ஒரே ஏரியில், அடுத்தடுத்த வருடங்களில் வருகின்றன.

22 அடியா, 24 அடியா?

எல்லாம் மோதிக்கொள்ளும் இடம் செம்பரம்பாக்கம். முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3.645 டிஎம்சி. மழைக்காலத்தில் 22 அடி வாக்கில் வந்ததுமே உபரி நீரைத் திறக்க ஆரம்பிக்கிறார்கள். மேலே உள்ள அந்த இரண்டு அடிதான் வெள்ளத்துக்கு விட்டுவைக்கும் இடம். சும்மா இரண்டு அடி என்று நினைக்க வேண்டாம். ஏரி மேலே போகப் போக அகலமானது. அந்த இரண்டு அடியில் அரை டிஎம்சிக்கு மேல் தண்ணீர் பிடிக்கும். நாளுக்கு 100 கோடி லிட்டர் செலவு என்று வைத்தால், அரை டிஎம்சி என்பது சென்னைக்கு இரண்டு வாரத் தண்ணீர். டிசம்பரில் அதைக் கடலுக்கு அனுப்பிவிட்டு மழை நின்றுபோனால், ஜூன் மாதத்தில் அந்த இரண்டு வாரம் யார் கணக்கில் போகும்?

திறக்காமல் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் 1 இரவு காட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி அடையாற்றில் போனது. அந்த வேகத்தில் ஒரு நாள் முழுக்கப் போனால் இரண்டரை டிஎம்சி. அது கிட்டத்தட்ட இரண்டரை மாதக் குடிநீர், வெள்ளமாக. வரலாறு காணாத மழை என்றது அரசு. மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது 2018இல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைத் தணிக்கையாளர் அறிக்கை.

அந்த அடி மறக்கவில்லை. 2020 நவம்பர் 25, நிவர் புயல் வந்த அன்று, ஏரி 22 அடியைத் தொட்டதும் பகல் 12 மணிக்கே 1,000 கனஅடி திறந்தார்கள். 2015க்குப் பிறகு அதுதான் முதல் திறப்பு. கொஞ்சமாக, முன்கூட்டியே, பகலில், சொல்லிவிட்டு. அது பாடம் கற்றதன் அடையாளம், அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

இங்கேதான் நாம் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு பொறியாளர் ஆபத்தை எப்படிப் பார்க்கிறார் என்பது அவர் படித்த படிப்பை மட்டும் பொறுத்ததில்லை. எந்தத் தப்புக்கு அவர் கையைக் கட்டி நின்று பதில் சொல்ல வேண்டும் என்பதையும் பொறுத்தது. வெள்ளம் ஒரே இரவில் வரும். அதற்குப் பெயர் இருக்கும், விசாரணை இருக்கும், இடமாற்றம் இருக்கும். வறட்சி எட்டு மாதம் மெல்ல மெல்ல வரும். அதற்கு யாரும் குற்றவாளி இல்லை, ‘மழை பெய்யலை சார்’ என்றால் முடிந்தது. இன்னொரு பக்கம், மழை வரும் என்று நம்பி முன்கூட்டித் திறந்து, மழை வராமல் போனால் ‘தண்ணீரை வீணாக்கிட்டாங்க’ என்று மறுநாள் பேச்சு. இந்தக் கத்தி முனையில் நிற்பவர் என்ன செய்வார்? மேலே கேட்பார். மேலே உள்ளவர் அதற்கும் மேலே கேட்பார். கோப்பு ஏறி இறங்குவதற்குள் ஏரிக்கு வரும் தண்ணீர் காத்திருக்காது.

இதில் துறைப் பிரிவினை வேறு. ஏரியும் மதகும் நீர்வளத் துறையிடம். அதிலிருந்து தண்ணீர் எடுத்துக் குழாயில் விடுவதும், கழிவுநீரும் 1978இல் உருவான சென்னைக் குடிநீர் வாரியத்திடம். தெருவின் மழைநீர் வடிகால் மாநகராட்சியிடம். மின்சாரம் இன்னொருவர் கையில். மழை வருமா என்று சொல்வது மத்திய அரசின் வானிலை மையம். ஏரி நிரம்பியிருந்தால் குடிநீர் வாரியத்துக்கு நிம்மதி, அதே நிலையில் நீர்வளத் துறைக்குத் தூக்கம் போகும். ஒரே நீர்மட்டத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்ப்பது இயல்புதான். அந்த இரண்டு பார்வையும் மழைக்கு முன்பே ஒரே மேஜையில் எழுதி முடிக்கப்படாததுதான் பிரச்சினை.

வெள்ளத்தின் நடுவே காலிக் குடம்

இதைச் சென்னைப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தெற்கே கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. தாமிரபரணி கரை புரண்டது. தூத்துக்குடி பல நாட்கள் தண்ணீரில் நின்றது, குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. காரணம் எளிது. நம் கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் தலைமை இடமே ஆறுதான். ஆற்றுக்குள் உறைகிணறு, கரையில் மோட்டார் அறை, அங்கே மின்சாரப் பெட்டி, ஆற்றைக் கடக்கும் குழாய். ஆறு பெருகினால் முதல் அடி இவற்றுக்குத்தான். மோட்டாரில் நீர் புகுந்துவிட்டால் காய வைத்து, சுருள் மாற்றி, மறுபடியும் ஓட்ட நாட்கள் ஆகும். அங்கிருந்து 50, 60 கி.மீ. தள்ளி, வெள்ளமே பார்க்காத ஊரிலும் குழாய் காய்ந்துவிடும்.

மின்சாரப் பெட்டியை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பது கட்டும்போது ஐந்து நிமிடப் பேச்சு. பழைய வெள்ளக் குறியை வைத்து முடிவு பண்ணியிருப்பார்கள், அவ்வளவுதான். பருவநிலைக் கொள்கை என்று பெரிதாகப் பேசுகிறோமே, அது கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்த மாதிரி ஒரு கான்கிரீட் மேடையின் உயரம்.

கடல் கைவிடாதா?

மழையை நம்ப முடியாது, கடல் வற்றாது என்பது இப்போதைய நம்பிக்கை. மீஞ்சூரில் 2010இலும், நெம்மேலியில் 2013இலும் நாளுக்கு 10 கோடி லிட்டர் ஆலைகள் வந்தன. நெம்மேலியில் இன்னொரு 15 கோடி லிட்டர் ஆலை 2024இல் சேர்ந்தது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டப்பட்டது, மதிப்பு 4,276 கோடி ரூபாய். வறட்சியில் அடிபட்ட நகரத்துக்கு இது பெரிய தைரியம். பொறியாளர்களுக்கும் பிடித்த தீர்வு. மழையைப் போல ஏமாற்றாத, பட்டனைத் தட்டினால் வரும் தண்ணீர்.

ஆனால், கடல்நீரை நன்னீராக்க 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். 40 கோடி லிட்டருக்கு நாளொன்றுக்கு 12 லட்சம் முதல் 16 லட்சம் யூனிட். புயல் நேரத்தில் கடல் கலங்கினால் சவ்வுகள் அடைத்துக்கொள்ளும், உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருக்கும். மின்தடம் அறுந்தால் ஆலை நிற்கும். ஆலை நிற்பது கரையோரத்தில், கடல் அரிக்கும் கடற்கரையில். ஆக, மழையை நம்பியிருந்த ஆபத்தை மின்சாரத்தின் மேலும் கரையின் மேலும் மாற்றி வைத்திருக்கிறோம். மாற்றியது தப்பில்லை. மாற்றியிருக்கிறோம் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இதோடு ஒப்பிட்டால், கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் 2019இல் தொடங்கிய கழிவுநீர் மறுசுத்திகரிப்பு நிலையங்களைப் பற்றி நாம் பேசுவது குறைவு. தலா 4.5 கோடி லிட்டர், தொழிற்சாலைகளுக்குப் போகிறது. அந்த அளவு ஏரித் தண்ணீர் வீடுகளுக்கு மிச்சம். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் நகரத்தில் கழிவுநீர் வந்துகொண்டேதான் இருக்கும். நம்மிடம் உள்ள நீர்மூலங்களில் இவ்வளவு நிச்சயமானது வேறு இல்லை.

இப்போது செய்ய வேண்டியது

முதல் வேலை, எந்தத் தேதியில் எந்த ஏரி எத்தனை அடிக்கு மேல் போகக் கூடாது, எவ்வளவு மழை எச்சரிக்கை வந்தால் எவ்வளவு திறக்கலாம், அதை யார் முடிவு செய்வார் என்பதை எழுதி, தமிழில், பொதுவெளியில் வைப்பது. நீர்வளத் துறையும் குடிநீர் வாரியமும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். எழுதியபடி திறந்து, பிறகு மழை பெய்யாமல் போனால் அந்தப் பொறியாளரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது, எதிர்க்கட்சி உட்பட. பத்திரிகைகளும்தான். ‘ஏரித் தண்ணீர் வீணாகக் கடலில்’ என்று தலைப்புப் போடும் பழக்கத்தை நாங்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.

வானிலைக் கணிப்பு எப்போதும் சரியாக இருக்காது. 2021 டிசம்பர் 30 பிற்பகலில் சென்னையைத் திணறடித்த மழையை வானிலை மையம் முன்கூட்டி எச்சரிக்கவில்லை. அதனால்தான் கணிப்பு தவறினாலும் தாங்கும்படி அந்த இரண்டு அடி இடம் தேவைப்படுகிறது. அந்த இரண்டு அடியால் கோடையில் வரும் பற்றாக்குறைக்கு மாற்று எது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். கடல்நீர் ஆலையை முழு வேகத்தில் ஓட்டி ஈடுகட்டலாம் என்றால், அதற்கான மின்கட்டணத்தை வெள்ளத் தடுப்புச் செலவாகவே காட்டலாம். இன்று அது குடிநீர் வாரியத்தின் நஷ்டமாக நிற்கிறது.

இரண்டாவது, கீழே இருப்பவர்களின் கணக்கு. எந்தத் தெருவில் எத்தனை செ.மீ. மழையில் சாக்கடை பொங்கும், எந்த பம்பிங் ஸ்டேஷனில் எந்தப் படி வரை தண்ணீர் வந்தது, எந்த மின்வழி முதலில் அறுந்தது என்பதெல்லாம் 25, 30 வருடம் வேலை பார்த்த லைன்மேன்களுக்கும் ஆபரேட்டர்களுக்கும் அத்துபடி. எந்தப் பதிவேட்டிலும் அது முழுசாக இல்லை. அவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள், அந்த இடங்களுக்கு ஒப்பந்த ஊழியர்கள் வருகிறார்கள், ஒப்பந்தம் முடிந்தால் அவர்களும் மாறுகிறார்கள். ஒவ்வொரு பருவமழை முடிந்ததும் ஒரு நாள் டெப்போவில் உட்கார்ந்து, இந்த முறை எது நூலிழையில் தப்பியது என்று கேட்டு எழுதினால் போதும். ஆலோசனை நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்குகூட ஆகாது. உடைந்ததைப் பற்றி மட்டுமே அறிக்கை எழுதுகிறோம், உடையாமல் தப்பியதைப் பற்றி எழுதுவதில்லை.

சென்னைக்கான பருவநிலைச் செயல்திட்டம் 2023இல் வெளியானது. அதைச் செயல்படுத்த வேண்டியவர்களில் பெரும்பாலானோர் வேலை பார்ப்பது ஏரிக்கரையிலும் நீரேற்று நிலையத்திலும். பேரூர் ஆலை வந்துகொண்டிருக்கிறது, தாமிரபரணியில் சேதமான திட்டங்களைத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது. அங்கே மின்சாரப் பெட்டிக்கு எந்த ஆண்டின் வெள்ளக் குறியை எடுத்துக்கொண்டார்கள், அதற்கு மேல் எத்தனை அடி விட்டார்கள் என்ற இரண்டு எண்களை, திறப்பு விழா கல்வெட்டிலேயே அமைச்சர் பெயருக்குக் கீழே பொறித்து வைக்கலாம்.